‘வருவாய்’ என்றால் எந்த வருவாய்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தை ஒரு நாள் விடாமல் படிப்பவன் நான். ஒரு நிறுவனத்தில், மாதம் முடிந்ததும் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் வரும் கணக்குகளைத் திரட்டி, தொழில் எப்படிப் போனது என்று நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இதையேதான் செய்கிறேன். அதனால் பேப்பரில் ஓர் எண்ணைப் பார்த்தால் அப்படியே தாண்டிப் போக முடிவதில்லை, அது எதை எண்ணிய எண் என்று கண் தேடும். உங்கள் பக்கத்தில் பல நாள் அது கிடைப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமீபத்தில் ஒரே நாளில், ஒரே பக்கத்தில், மூன்று நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் வந்திருந்தன. மூன்றிலும் ‘வருவாய்’ என்ற சொல் இருந்தது. முதல் செய்தியில் அது விற்பனைத் தொகை. இரண்டாவதில் செலவெல்லாம் போக மிஞ்சிய லாபம். ‘எர்னிங்ஸ்’ என்று வந்ததை மொழிபெயர்த்தவர் வருவாய் என்று போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மூன்றாவதில் விற்பனையோடு வட்டி வரவு, பழைய கட்டடத்தை விற்றதில் கிடைத்த ஆதாயம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை. அந்தந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததால் எனக்குத் தெரிந்தது. வாசகர் எல்லாரும் அப்படி ஒப்பிடப் போவதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மூன்று எண்களைப் பார்த்து இது பெரிய கம்பெனி, அது சின்னக் கம்பெனி என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒன்றை முழத்தால் அளந்து இன்னொன்றைப் படியால் அளந்து, எது அதிகம் என்று கேட்பது மாதிரி இது.

‘மொத்த லாபம்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. கணக்குப் படித்தவருக்கு அது விற்பனையில் சரக்கின் அடக்க விலையை மட்டும் கழித்த தொகை. சம்பளம், வாடகை, வட்டி, வரி எதுவும் இன்னும் கழியவில்லை. ஆனால் கணக்குப் படிக்காத ஒரு தமிழ் வாசகருக்கு மொத்த லாபம் என்றால் எல்லாம் சேர்த்துக் கடைசியில் கைக்கு வந்த லாபம். சொல்லைப் பார்த்தால் அப்படித்தானே தோன்றும்? அவர் மேல் தப்பே இல்லை. மொத்த லாபம் கூடி நிகர லாபம் குறைந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி ‘மொத்த லாபம் உயர்வு’ என்று மட்டும் தலைப்புப் போட்டால், எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் படித்தவர் பொய்யைத்தான் நம்பிவிட்டுப் போகிறார்.

பத்திரிகையை மட்டும் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நிறுவனங்களுக்குள்ளேயே இந்தக் குழப்பம் இருக்கிறது, நானே அதில் பல வருடம் மாட்டிக்கொண்டிருந்தேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாதாந்திரக் கூட்டத்தில் விற்பனைப் பிரிவுத் தலைவர், சொன்ன நாளில் டெலிவரி 94 சதவீதம் என்றார். கிடங்குப் பொறுப்பாளர் இல்லை, 88 என்றார். அதே வாரம் எங்களிடம் மிக அதிகமாகச் சரக்கு எடுக்கும் வாடிக்கையாளர், பத்து ஆர்டரில் நான்கு நேரத்துக்கு வருவதில்லை என்று காட்டமாகக் கடிதம் எழுதியிருந்தார். ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். யார் எண் சரி, யார் மறைக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அப்புறம் அந்த வாடிக்கையாளரின் ஒரே ஓர் ஆர்டரின் காகிதங்களை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். பத்து வகைப் பொருள். முதலில் 10ஆம் தேதி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். 9ஆம் தேதி விற்பனைப் பிரிவிலிருந்து போன் செய்து 12ஆம் தேதிக்கு மாற்றி, கணினியில் பழைய தேதியை அழித்துப் புதிய தேதியைப் போட்டுவிட்டார்கள். 12ஆம் தேதி ஒன்பது பொருள் போனது. பத்தாவது பொருள், ஒரு சின்ன உதிரி பாகம், 16ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. விற்பனைப் பிரிவின் கணக்கில் இது நேரத்துக்குப் போன ஆர்டர், ஏனென்றால் வாக்குத் தேதி 12, சரக்கும் 12இல் போய்விட்டது. கிடங்கின் கணக்கு வாசலைத் தாண்டிய பொருள்களின் கணக்கு, ஆகவே பத்துக்கு ஒன்பது, 90 சதவீதம். அந்தப் பாகம் வராமல் 10ஆம் தேதியிலிருந்து இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்த வாடிக்கையாளருக்கு ஆறு நாள் தாமதம், அவர் கணக்கில் பூஜ்யம். மூவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். ‘நேரத்துக்கு’ என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பேரும் மூன்று பொருள் வைத்திருந்தார்கள், அதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

அதை ஒரு பக்கத்தில் எழுதி வைக்க நான்கு வாரம் ஆனது. முதலில் கொடுத்த வாக்குத் தேதியே தேதி, சரக்கு வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளே நாள், ஒரு பொருள் குறைந்தாலும் அந்த ஆர்டர் கணக்கில் சேராது. எழுதிப் பார்த்தால் மூன்றே வரி. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய போனஸ் இருந்தது. புதிய கணக்குப்படி முதல் மாதம் வந்த எண் 61. யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எண் சரியா தப்பா என்ற சண்டையை விட்டுவிட்டு, அந்த உதிரி பாகம் ஏன் எப்போதும் கடைசியில் வருகிறது என்று பேசினார்கள்.

சரக்கு விநியோகத் துறையில் இதற்கு ஒரு பொதுவான பெயரே இருக்கிறது, முழுமையான ஆர்டர் என்று. நேரத்துக்கு வர வேண்டும், குறையில்லாமல் வர வேண்டும், சேதமில்லாமல் வர வேண்டும், பில் சரியாக இருக்க வேண்டும். இந்த நான்கிலும் தனித்தனியாக 95 சதவீதம் வாங்கும் நிறுவனம் தன்னை முதல் வகுப்பு என்று நினைத்துக்கொள்ளும். நான்கும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 81 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். ஐந்து வாடிக்கையாளரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு ஏதோ ஒரு குறை. தனித்தனி அறிக்கையில் இது தெரியவே தெரியாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். 1993இல் கார் தயாரிக்கும் டைம்லர் பென்ஸ் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஜெர்மன் நிறுவனமானது. அதற்காக ஒரே ஆண்டின் கணக்கை ஜெர்மன் விதிப்படியும் அமெரிக்க விதிப்படியும் காட்ட வேண்டி வந்தது. ஜெர்மன் விதிப்படி 61.5 கோடி மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) லாபம். அமெரிக்க விதிப்படி சுமார் 184 கோடி மார்க் நஷ்டம். அதே ஆண்டு, அதே தொழிற்சாலைகள், அதே கார்கள். நல்ல வருடங்களில் ஒதுக்கி வைத்த தொகையை மோசமான வருடத்தில் எடுத்து லாபத்தில் சேர்ப்பதற்கு ஒரு விதியில் தாராளமாக இடம் இருந்தது, இன்னொன்றில் இல்லை. கணக்கு எழுதும் முறையில் இங்கே எந்தக் குழப்பமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1494இல் வெனிஸில் லூக்கா பாச்சோலி அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையில்தான் உலகமே பற்றும் வரவும் எழுதுகிறது. பேரேடு எழுதும் முறை ஒன்றானாலும் அதில் எதை லாபம் என்பது என்ற கேள்வி ஐந்நூறு வருடம் கழித்தும் தீரவில்லை.

இப்போதும் தீர்ந்துவிட்டதா என்றால், பல நாட்டு நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கு விதிகளை வகுக்கும் சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 100 நிறுவனங்களின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோது, 60க்கும் மேற்பட்டவை ‘செயல்பாட்டு லாபம்’ என்று ஒரு வரி காட்டியிருந்தன. அந்த ஒரு வரியைக் குறைந்தது 9 விதமாகக் கணக்கிட்டிருந்தன. பல நாடுகளில் ஒரே சர்வதேச விதியைப் பின்பற்றும் நிறுவனங்களின் லட்சணமே இது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு விதியில் வரையறையே இல்லாமல் இருந்தது. அதைச் சரி செய்யத்தான் 2024 ஏப்ரலில் அந்த வாரியத்தின் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற விதி வந்தது. 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அது அமலாகும். செயல்பாட்டு லாபம் என்றால் என்ன என்பதை அது கட்டிப் போடுகிறது. நிர்வாகம் வெளியே சொல்லிக்கொள்ளும் தன் சொந்த லாப அளவுகோல்களையும், விதிப்படியான தொகையிலிருந்து எதைக் கூட்டி எதைக் கழித்து அந்த எண் வந்தது என்று கணக்குக் குறிப்பிலேயே எழுதச் சொல்கிறது. அப்படிக் குறிப்பில் ஏறினால் தணிக்கையாளர் கண்ணிலும் பட்டே ஆக வேண்டும். எபிட்டாவுக்கு மட்டும் இந்த விதியிலும் வரையறை இல்லை. வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் அதில் இன்னும் எதையெல்லாம் சேர்ப்பது விடுவது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பமாகவே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எபிட்டா எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சொந்த அளவுகோல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, கடைகளின் தள்ளுபடிக் கூப்பன்களை இணையத்தில் விற்கும் அமெரிக்க நிறுவனமான குரூப்பான் ஓர் உதாரணம். 2011இல் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தபோது, புதிய சந்தாதாரர்களைப் பிடிக்கச் செய்த விளம்பரச் செலவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு ஒரு ‘திருத்திய’ வருமானத்தை முன்னால் நிறுத்தியது. கேள்வி எழுந்த பிறகு அதைப் பின்னுக்குத் தள்ளியது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு விஷயம். வாடிக்கையாளர் கூப்பனுக்குக் கொடுத்த முழுப் பணத்தையும் தன் வருவாய் என்று எழுதியிருந்தது, அதில் பெரும்பகுதி கடைக்காரருக்குப் போக வேண்டிய பணம். அதைத் திருத்தித் தன் பங்கை மட்டும் காட்டியபோது 2010ஆம் ஆண்டின் வருவாய் சுமார் 71 கோடி டாலரிலிருந்து சுமார் 31 கோடி டாலராக இறங்கியது. ஒரு ரசீது கூட மாறவில்லை. பிறர் பணம் நம் கை வழியாகப் போனால் அது நம் வருவாயா என்ற ஒரே கேள்விக்கான பதில் மாறியது, அவ்வளவுதான். இன்று ஆன்லைன் சந்தை நடத்தும் எந்த நிறுவனத்தின் ‘வருவாய்’ என்று செய்தி வந்தாலும் நான் முதலில் இதைத்தான் தேடுகிறேன்.

இதற்கெல்லாம் கணினியில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அது போதுமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், எக்ஸ்பிஆர்எல் என்ற முறை இருக்கிறது. 1998இல் சார்லஸ் ஹாஃப்மன் என்ற அமெரிக்கக் கணக்காளர் தொடங்கி வைத்த யோசனை. அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டுவது போல: இது எந்தத் தலைப்பு, எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நாணயம் என்று எண்ணோடு சேர்ந்தே போகும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2009 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக இதைக் கட்டாயமாக்கியது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் எண்ணை அதன் பொருளிலிருந்து பிரிக்கவே விடாது. ஆனால் பொது அகராதியில் தனக்குப் பொருந்தும் சொல் இல்லை என்றால் நிறுவனம் தானே ஒரு சீட்டைத் தயாரித்துக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. சில சமயம் அது தேவைதான். பல சமயம், இருக்கிற சொல் சங்கடமாக இருக்கிறது என்பதற்காகப் புதுச் சொல் பிறக்கிறது. கருவி நல்ல கருவி. எல்லாரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் சொல்ல ஒப்புக்கொள்வதை அது நமக்காகச் செய்து தராது.

பொது மொழி என்று நான் கேட்பது வெறும் சொற்பட்டியல் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொற்களுக்கு நடுவில் உறவு தெரிய வேண்டும். 1910களில் டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர், இவர் பொறியியல் படித்தவர், முதலீட்டின் மேல் வரும் ஆதாயத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். விற்பனையில் எத்தனை சதவீதம் லாபமாக நிற்கிறது, போட்ட முதல் வருடத்துக்கு எத்தனை தடவை விற்பனையாகச் சுழல்கிறது. இரண்டையும் பெருக்கினால் முதலின் மேல் ஆதாயம். 2 சதவீத லாபத்தில் பத்து தடவை சுழற்றுபவருக்கும் 20 சதவீதம், 20 சதவீத லாபத்தில் ஒரே தடவை சுழற்றுபவருக்கும் 20 சதவீதம். இதைத் தெரிந்துகொண்ட கிடங்குக்காரருக்கு, தேங்கிக் கிடக்கும் சரக்கைக் குறைத்தால் லாபம் எந்த வழியாகக் கூடுகிறது என்று தானே விளங்கிவிடும்; விலை வைப்பவருக்குத் தள்ளுபடி எங்கே இடிக்கும் என்று விளங்கிவிடும். கணக்குப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் ஒரே வாக்கியத்தில் பேசிக்கொள்ள முடிந்தது. நூறு வருடம் கழித்தும் அதைப் பயன்படுத்துகிறோம்.

எங்கள் தொழில் வேறு, எங்களைப் பொது அளவுகோலில் அடைக்க முடியாது என்று ஒவ்வொரு நிறுவனமும் சொல்லும். என்னிடமே எத்தனையோ மேலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொழில் வேறுதான். ஒவ்வொருவர் உடம்பும்கூட வேறுதான், ஒருவருக்குச் சரியான ரத்த அழுத்தம் இன்னொருவருக்குச் சரியாக இருக்காது. அதற்காக ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு அலகில் பிரஷர் பார்த்தால் நோயாளியின் கதி என்ன? எல்லாரும் ஒரே அலகில் பார்ப்பதால்தான் இவருக்கு 140 ஏன் அதிகம், அவருக்கு ஏன் பரவாயில்லை என்று மருத்துவரால் பேச முடிகிறது. இலக்கு ஆளுக்கு ஆள் மாறட்டும், அளவு மாறக்கூடாது.

சின்னதாகத் தோன்றும் ஒன்று. நூறுக்கு வாங்கி நூற்று இருபத்தைந்துக்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம்? வாங்கிய விலையை வைத்துச் சொன்னால் 25, விற்ற விலையை வைத்துச் சொன்னால் 20. இரண்டு பேர் பேரம் பேசும்போது ஒருவர் இதையும் மற்றவர் அதையும் மனதில் வைத்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டு, பிறகு மாதக் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இதே மாதிரி, லாப விகிதம் 10 சதவீதத்திலிருந்து 12 ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு நாள் ‘2 சதவீதம் உயர்வு’ என்று வருகிறது, இன்னொரு நாள் ‘20 சதவீதம் உயர்வு’ என்று வருகிறது. முதலாவதை 2 சதவீதப் புள்ளி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. புள்ளி என்ற ஒரு சொல்தான் கூடுதல்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வணிகப் பக்கத்துக்கென்று நிலையான சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். விற்பனைத் தொகைக்கு விற்றுமுதல் என்ற அருமையான தமிழ்ச் சொல் இருக்கிறது, பாடப்புத்தகத்தோடு அதை விட்டுவிட்டோம். எல்லா வரவும் சேர்ந்ததற்கு மொத்த வருமானம், கடைசியில் மிஞ்சுவதற்கு நிகர லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். வருவாய் என்ற சொல்லை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஏதாவது ஒரு பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது எது என்பது எனக்கு முக்கியமில்லை. வேறு சொற்கள் பொருத்தம் என்று உங்கள் ஆசிரியர் குழுவுக்குத் தோன்றினால் அதுவும் சரி, ஆனால் இன்று ஒன்று நாளை ஒன்று வேண்டாம். காலாண்டு முடிவு போடும்போது, முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டதா, போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிட்டதா, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கா, தனிக் கணக்கா என்று ஒரே வரி சேர்த்தால் போதும். ஒரே நிறுவனத்தின் லாபம் ஒரே நாளில் இரண்டு பத்திரிகைகளில் இரண்டு விதமாக வருவது பெரும்பாலும் இதனால்தான். நிறுவனம் தானே தயாரித்த அளவுகோலைச் செய்தியில் போட்டால் ‘நிறுவனத்தின் சொந்தக் கணக்கீடு’ என்று பக்கத்தில் இரண்டு சொல் எழுதுங்கள்.

இடம் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். இதே பக்கத்தில் நிறுவனத் தலைவரின் படத்துக்குக் கால் பக்கம் போகிற நாளும் உண்டு.

கடந்த இரண்டு மாத வணிகப் பக்கங்களை வெட்டி வைத்திருக்கிறேன். வருவாய் என்ற சொல் வந்த ஒவ்வொரு இடத்திலும் வட்டம் போட்டு, அந்த நிறுவனத்தின் அறிக்கையோடு ஒப்பிட்டு, அங்கே அது உண்மையில் எதைக் குறித்தது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் உதவி ஆசிரியர் யாருக்காவது பயன்படும் என்றால் சொல்லுங்கள், அப்படியே கட்டி அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நீண்ட நாள் வாசகன்